அருகு வேர் பிடிக்க இருபத்தொரு நாள்

ஒருவனை அலட்சியமாகப் பேச வேண்டுமானால், "அவன் எனக்குப் புல்லுக்குச் சமானம்" என்று சொல்லுகிறோம். இப்படிச் சொல்லுகிறவர்கள் தங்கள் வாழ்நாளில் ஒரு சாண் அகலம் புல்லையாவது வைத்து வளர்த்துப் பார்த்தவர்களாக இருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். நான் வளர்த்துப் பார்த்தவன். முதல் தடவை புல்லிடம் தோற்றுப் போனவன். இரண்டாந் தடவை அதன் தயவால் ஜயித்தவன். இந்த இரண்டு அனுபவங்களும் நேயர்களுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தினால் இதை எழுதுகிறேன்.

என் தகப்பனார் காலமான பிறகு, ஸ்ரீரங்கத்து வீட்டில் தனியே இருந்த என் தாயாரை, காவிரிக்கு இக்கரையில், திருச்சிராப்பள்ளியின் தெற்குக் கோடியில் நாங்கள் கட்டிக்கொண்ட புது வீட்டுக்கு அழைத்து வந்தோம். வீட்டில் சௌகரியத்துக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனாலும் ஐம்பது வருஷ காலம் கொல்லைப்புறத்து ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்து பழகியவருக்கு, சிமெண்டுத் தளமும் சரளைக்கல் முற்றமும் எப்படிப் பிடிக்கும்? வந்த நாலாம் நாள் வாசற்படியில் நின்றுகொண்டு, "எல்லாம் நன்றாய்த்தான் இருக்கிறது, அப்பா! காலை வைக்கத்தான் ஓர் இடம் இல்லை" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என் மனத்தில் தைத்துவிட்டது. வாசலில் 20 அடி நீளமும் 15 அடி அகலமுமாக ஓர் இடம் சும்மா கிடந்தது. அதைப் பசும் புல்தரையாக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். நான் பட்டம் பெற்றவன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தாவர நூல் சொல்லிக் கொடுக்கிறவன். ஆகையால் யாரையும் யோசனை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சித்திரை மாதம். பள்ளிக்கூட விடுமுறை. மண்ணோடு சதுரம் சதுரமாகப் பெயர்த்தெடுத்த புல்லை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தொலைவிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து 'கொரியன் புல்' தருவித்தேன். அந்தப் புற்பத்தைகள் தார்ப்பாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இரண்டு பகலும் ஓர் இரவும் லாரியில் பிரயாணம் செய்து வந்து சேர்ந்தன. முற்றத்தில் இரண்டு வண்டி செம்மண்ணைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரிப்பதுபோல் அவற்றை விரித்தோம். மூன்று நாள் அதன் அழகைச் சொல்லி முடியாது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எட்டாம் நாள் ஓரங்கள் மஞ்சளித்தன. இருபதாம் நாள் முற்றம் முழுவதும் வைக்கோல் நிறமாயிற்று.

அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, "கோரைப்பாய் வாங்கியிருந்தால் இதைவிட மலிவாய் முடிந்திருக்குமே!" என்றார்.

ஒரு பத்தையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். கல்லிலிருந்து தோசை எடுபடுவதுபோல் லேசாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு வேர்கூட மண்ணுக்குள் இறங்கவில்லை. இறங்குவதற்கு மண்ணும் இல்லை. இரண்டு அங்குலச் செம்மண்ணுக்குக் கீழே, வீடு கட்டியவர்கள் விட்டுப்போன உடைந்த செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சிமெண்டுக் கட்டியுந்தான் இருந்தன. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. கடையில் வாங்குவது புல்லை மட்டுமே. புல்தரை என்பது கடையில் கிடைப்பதில்லை. அதை வாங்கியவன் தன் வீட்டில் உண்டாக்கிக் கொள்ள வேண்டும்.

எந்த மண்ணுக்கு எந்தப் புல்?

வீட்டு வாசலில் கத்தரித்த புல்தரை வைத்துக்கொள்ளும் வழக்கத்தை நம் தேசத்தில் பரப்பியவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்களுடைய நாட்டில் வருஷம் முழுவதும் தூறல் விழுகிறது, வெயில் சாது. அங்கே புல் வளர்ப்பது பிரயாசை அல்ல, வெட்டுவதுதான் பிரயாசை. அரிவாளாலும் ஆட்டு மந்தையாலும் நடந்துவந்த அந்த வேலைக்கு, 1830-ஆம் வருஷத்தில் எட்வின் பட்டிங் என்பவர் ஓர் இயந்திரம் கண்டுபிடித்தார். கம்பளித் துணியின் மேலுள்ள பிசிறைக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை உதித்தது. அதற்குப் பிறகுதான் சாமானியக் குடும்பங்களும் வீட்டு வாசலில் புல்தரை வைத்துக்கொள்ள ஆரம்பித்தன.

நம் திருச்சியின் நிலைமை வேறு. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சகஜம். மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவ காலத்தில் பெய்துவிடுகிறது. மேலும், ஆற்றுக்கு அக்கரை மண் வேறு, இக்கரை மண் வேறு. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமுமாகப் பிரிந்த ஆறு, நடுவில் விட்டுச்சென்ற வண்டலின்மேல் அமைந்த தீவு ஸ்ரீரங்கம். அங்கே குச்சியை நட்டாலும் துளிர்க்கிறது. இக்கரையிலோ, 83 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் மலைக்கோட்டையே, "இந்த ஊருக்கு அடியில் இருப்பது பாறை" என்று பறைசாற்றிக்கொண்டிருக்கிறது. நகரத்தின் தெற்கே போகப் போகச் செம்மண்ணும் சரளையுந்தான். ஸ்ரீரங்கத்துத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திருச்சியில் தோட்டம் போடுகிறவன், அண்டை வீட்டுக்காரர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு பத்திரிகை படிக்கிறவனுக்கு ஒப்பாவான்.

புல்லில் பல ஜாதிகள் உண்டு. முதலாவது நமது அருகு. மேலே கொடியாக ஓடி ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். மண்ணுக்கு அடியிலும் தண்டு ஓடும். "அருகுபோல் வேரூன்றி" என்று மணமக்களை வாழ்த்துவது இதனால்தான். வெயிலில் செழிக்கும், நிழலில் மெலிந்து போகும். நீர் இல்லாவிட்டால் பழுப்பாகித் தூங்கும். மழை விழுந்ததும் விழித்துக்கொள்ளும். மேல்நாட்டார் இதைப் 'பெர்முடா புல்' என்று அழைக்கிறார்கள். ஆனால் பெர்முடா தீவுகள் இதன் ஜன்ம பூமி அல்ல. பழைய கண்டங்களிலிருந்து அங்கே போய்க் குடியேறிய புல் அது. நம் வயல் வரப்பில் கிடப்பதற்கு ஒரு தீவின் பெயரைச் சூட்டி, அதை நாமும் அதிக விலை கொடுத்து வாங்குவது வேடிக்கைதான்.

இரண்டாவது, கொரியன் புல், மணிலாப் புல் என்று வழங்கும் மெல்லிய புல் வகைகள். இவை காலுக்கு மெத்தென்று இருக்கும். அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை. இவற்றை அன்னியம் என்று முற்றிலும் ஒதுக்குவது நியாயமல்ல. மணிலாப் புல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கடற்கரை மணலில் தானாகவே வளர்கிறது. ஆனால் இவை மெதுவாக வளர்கிறவை. ஓரிடம் பட்டுவிட்டால் அது மூட வெகு காலம் பிடிக்கும். என் முற்றத்தில் இறந்தது கொரியன் புல்லின் குற்றத்தினால் அல்ல என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

மூன்றாவது, நர்ஸரிக்காரர்கள் 'பஃபலோ புல்' என்று சொல்லும் அகன்ற இலைப் புல். இது ஓரளவு நிழலைத் தாங்கும். நாலாவது, உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் காணும் 'கிக்குயு' புல். ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்து மேட்டு நிலத்திலிருந்து வந்த அது, குளிர்ச்சியான மலைக்கு ஏற்றது. மலையில் பார்த்து ஆசைப்பட்டுச் சமவெளிக்குக் கொண்டுவர வேண்டாம்.

ஆகவே, கடைக்குப் போவதற்கு முன் ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரையில், புல் வைக்கும் இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 6 மணிக்கு மேற்பட்டால் அருகு. அதற்குக் குறைந்தால் வேறு வகை. மாமரத்தின் அடர்ந்த நிழலாக இருந்தால் புல்லே வேண்டாம். அங்கே ஒரு கல் பெஞ்சியைப் போட்டுவிட்டு நிழலை அனுபவியுங்கள். சிலர் இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்று பிளாஸ்டிக் புல்லை விரிக்கிறார்கள். சித்திரை வெயிலில் அதன்மேல் வெறுங்காலை ஒரு தடவை வைத்துப் பார்த்தவர்கள் மறுபடி வைக்க மாட்டார்கள்.

பத்தை வாங்கும் விதம்

கத்தரிக்காயைக்கூட நாம் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். புற்பத்தைக்கும் அந்த மரியாதையைச் செய்ய வேண்டும். மேற்பக்கத்தைப் பார்த்து ஏமாறாமல் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை வேர்கள் பின்னிக்கொண்டு, மண் ஈரமாக இருக்க வேண்டும். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் பத்தை உதிராமல் முழுதாக வரவேண்டும். அடுக்கின் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். உள்ளே சூடு கண்டால் அந்தப் புல் வேகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை வாங்காதீர்கள். காலையில் வெட்டியதை அன்று மாலைக்குள் பதித்துவிடுவது உத்தமம்.

இன்னொரு சத்துரு உண்டு. அதன் பெயர் கோரை. பத்தையின் மண்ணில் கறுப்பு மணிபோல் கோரைக்கிழங்கு தென்பட்டால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காசு கொடுத்துக் கோரையை வீட்டுக்கு அழைத்து வந்தவர்கள், பிறகு அதை வெளியே அனுப்புவதற்குள் படும் பாடு கொஞ்சமல்ல.

தரையின் அடியில்

என் முதல் தோல்விக்குப் பிறகு முற்றத்தை ஓர் அடி ஆழம் வெட்டினோம். பதினோரு கூடை செங்கல் துண்டும் காரையும் வெளியே வந்தன. பிறகு நல்ல மண்ணும், நன்றாக மக்கிய தொழு உரமும், சிறிது ஆற்று மணலும் கலந்து நிரப்பினோம். மக்காத சாணத்தைப் போடக்கூடாது. செம்மண் பூமியில் அது கறையானுக்கு விருந்து வைப்பதாகும்.

மண்ணை நிரப்பியதும் புல்லைக் கொண்டுவந்து விடலாகாது. தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் சும்மா விட வேண்டும். மறைந்திருக்கும் களை விதைகள் எல்லாம் முளைத்துத் தலை காட்டும். அவற்றைக் கிழங்கோடு பிடுங்கிவிட்டு, இன்னொரு முறை அப்படியே செய்தால் பாதி யுத்தம் முடிந்த மாதிரி. பிறகு தரையை மட்டப்படுத்த வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாகப் பத்தடிக்கு ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரையில் சரிவு இருந்தால், ஐப்பசி மழை தேங்காமல் ஓடிவிடும். நடைபாதையை ஒட்டிச் செங்கல் வரிசை ஒன்றை மண்ணுக்குள் பதித்துவிடுங்கள். அருகுக்கு நல்ல குணங்கள் பல இருந்தாலும் எல்லை என்பதே தெரியாது. அணை போடாவிட்டால் அடுத்த வருஷம் பூஞ்செடிப் பாத்தி முழுவதும் அதன் ராஜ்யந்தான். குடியானவர்களைக் கேட்டால் அருகின் பெருமையை வேறு விதமாகச் சொல்லுவார்கள்.

கொல்லையில் கிடைத்த புதையல்

ஆவணி பிறந்தது. பிள்ளையார் சதுர்த்திக்குக் கடையில் வாங்கிவந்த அருகு வாடிக்கிடந்தது. "21 அருகு, அதுவும் வாடலா? நம் வீட்டுக் கொல்லைக்குப் போய்ப் பறித்துக்கொண்டு வா" என்று அம்மா என்னை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார். ஆள் நடமாட்டமில்லாமல் பூட்டிக் கிடந்த வீடு அது. விற்பதற்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கொல்லைக் கதவைத் திறந்தேன். கிணற்றடியிலிருந்து துளசி மாடம் வரையில், கோடை முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவாரில்லாத இடத்தில், ஆடியில் விழுந்த இரண்டு மழைக்கே அருகு கரும்பச்சையாய்ப் படர்ந்து கிடந்தது. தொலைதூரத்திலிருந்து லாரி வைத்துப் புல் தருவித்த என் புத்திசாலித்தனத்தை நினைத்து அங்கேயே தனியாக நின்று சிரித்தேன்.

அடுத்த வாரம் வயதான தோட்டக்காரர் ஒருவரை அழைத்துப் போனேன். அவர் முந்தின நாள் மாலை தரையை நனைத்துவிட்டு, விடியற்காலையில் ஒரு முழச் சதுரமாகக் கோடு கிழித்து, மண்வெட்டியைப் படுக்கையாக விட்டு, ஓர் அங்குல மண்ணோடு பத்தை பத்தையாகப் பெயர்த்தார். "மண்ணு கனமா இருந்தாத்தானே நல்லதுங்க?" என்று என் அறிவைக் காட்டிக் கேட்டேன். "இல்லீங்க ஐயா! பழைய மண்ணு நெறய இருந்தா வேரு அதுலயே குந்திக்கும். கொஞ்சமா இருந்தாத்தான் புது மண்ணைத் தேடிக் கீழே இறங்கும்" என்றார். பல புஸ்தகங்களில் நான் படித்ததைவிட அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் அதிகம்.

ஈரச் சாக்கில் சுற்றிய பத்தைகள் காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்தன. உச்சி வெயிலுக்கு முன் பதித்து முடித்தோம். செங்கல் சுவர் கட்டுகிறாற்போல், ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேராக வராமல், ஓரத்தோடு ஓரம் நெருக்கி வைக்க வேண்டும். இழுத்து நீட்டி வைத்தால் காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விழும். பதித்த புல்லின்மேல் காலை வைக்காமல், பலகை போட்டு அதன்மேல் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். இணைப்புகளில் சலித்த மணலும் எருவும் தூவி, கட்டையால் மெதுவாகத் தட்டி, அடியிலுள்ள மண் வரையில் நனையும்படி உடனே நீர் விட வேண்டும். பத்தைக்கும் தரைக்கும் நடுவே காற்று இருந்தால் வேர் அந்தரத்தில் நின்று காய்ந்து போகும்.

கொண்டுவந்த பத்தைகள் முற்றத்தில் பாதிக்குத்தான் கண்டன. மீதிப் பாதியில் அருகங்கொடிகளை இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, நாலு அங்குலத்துக்கு ஒன்றாக நட்டோம். இதற்குச் செலவே இல்லை. மூடிக்கொள்ள இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அவ்வளவுதான். அவசரம் இல்லாதவர்களுக்கு நான் இந்த முறையையே சிபாரிசு செய்வேன்.

21 நாள் விரதம்

புதிதாகப் பதித்த புல்லுக்கு ஆபத்தான காலம் முதல் மூன்று வாரம். முதல் 10 நாள், காலையும் பிற்பகலும் தரை காயாதபடி பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். இரவில் இலை நனைந்து கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகையால் அந்தி மயங்கிய பிறகு வேண்டாம். இடையிடையே ஒரு மூலையைச் சற்றே தூக்கி, அடி மண் ஈரமாயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே நனைந்து கீழே காய்ந்திருப்பதுதான் புதுப் புல்லைக் கொல்லுகிற மோசம்.

10 நாளுக்குப் பிறகு நீரின் அளவைக் கூட்டி, தடவையைக் குறைக்க வேண்டும். தினமும் நாலு சொட்டு ஊட்டினால் வேர் மேலேயே சோம்பிக் கிடக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அரையடி ஆழம் நனைய விட்டால், ஈரத்தைத் தேடிக் கீழே போகும். இந்த 21 நாளும் குழந்தைகள், நாய், விருந்தாளிகள் யாரும் அதன்மேல் நடமாடலாகாது. என் பெண்ணைத் தடுப்பதற்கு நான் பட்ட சிரமத்தை விவரித்தால் தனிக் கட்டுரையாகும்.

வேர் பிடித்த பிறகே முதல் வெட்டு. எப்போதும் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக்கூடாது. கத்தி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி இலையைக் கிழித்து நுனியைப் பழுப்பாக்கிவிடும். சின்ன முற்றத்துக்குப் பெரிய கத்தரிக்கோல் போதுமானது. முதல் மாதத்தில் ரஸாயன உரம் எதுவும் வேண்டாம். மண்ணில் கலந்த தொழு உரமே போதும்.

எப்போது பதிப்பது? ஆவணிக் கடைசியும் புரட்டாசியும் திருச்சிக்கு மிகவும் உகந்தவை. ஆடிக் காற்று தணிந்திருக்கும். வேர் பிடிக்கும் சமயத்தில் ஐப்பசி மழை வந்து கைகொடுக்கும். பள்ளிக்கூட விடுமுறை என்பதற்காகச் சித்திரையில் பதிக்கிற காரியத்தை என்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

புல்லைப் பற்றிப் பேசும்போது தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருப்பது நேர்மையாகாது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு விடும் நீர் ஒரு லிட்டர். என் முற்றம் 300 சதுர அடி. அதாவது ஏறக்குறைய 28 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் வீதம் விட்டால் 140 லிட்டர் ஆகிறது. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று நம் தேசத்தில் குடிநீர்த் திட்டங்களுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே 300 சதுர அடிப் புல்தரை வைக்கிறவர், வீட்டில் இன்னும் ஒரு நபருக்கு இடம் கொடுக்கிறார் என்று அர்த்தம். திருச்சிக்குக் குடிநீர் காவிரியிலும் கொள்ளிடத்திலும் இறைக்கும் நீர்தான். அந்த ஆறுகள் மணலாகக் கிடக்கும் மாதங்களில், வெறும் பார்வைக்காக அந்த ஒரு நபரை உட்கார வைத்துச் சோறு போடுவது தர்மமாகுமா?

இதனால்தான் அருகை நான் முதலில் வைக்கிறேன். வேரூன்றிய அருகு, கோடையில் தண்ணீர் கேட்டு அழுவதில்லை. அரிசி களைந்த நீரையும் காய்கறி அலம்பிய நீரையும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் தூங்கும். சித்திரை வைகாசியில் முற்றம் பழுப்பாயிருந்தால் அது நமக்கு அவமானம் அல்ல. நம் வெயிலில் நம் புல்லின் இயல்பு அது. வருஷம் 365 நாளும் இங்கிலாந்தைப்போல் பச்சையாயிருக்க வேண்டும் என்ற ஆசைதான் செலவும் கவலையும் வைக்கிறது. இடத்தையும் அளவோடு வையுங்கள். நாலு பேர் உட்காரவும் ஒரு குழந்தை புரளவும் போதுமான புல்தரை ஒரு குடும்பத்துக்குப் போதும்.

வைத்த இடத்தில் நின்றது

விபீஷணன் கதை நேயர்கள் அறிந்ததே. ஸ்ரீராமன் அளித்த ரங்க விமானத்தை இலங்கைக்கு எடுத்துச் செல்லும் வழியில், காவிரிக் கரையில் சந்தியாவந்தனத்துக்காக அதை ஒரு சிறுவனிடம் கொடுத்தான். சிறுவனோ தரையில் வைத்துவிட்டான். விபீஷணன் திரும்பி வந்து பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தும் விமானம் அசையவில்லை. துரத்தப்பட்ட சிறுவன் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்த இடந்தான் மலைக்கோட்டை என்றும், அவர்தான் உச்சிப் பிள்ளையார் என்றும் ஸ்தல புராணம் சொல்லுகிறது.

இருபத்தொன்றாம் நாள் காலையில், புல் வேர் பிடித்ததா என்று சோதிக்க முற்றத்துக்குப் போனேன். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு பத்தையின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தால் போதும். இழுத்தேன். வரவில்லை. சற்றுப் பலமாக இழுத்தேன். புல் நுனி இரண்டு கையோடு வந்ததே தவிர, பத்தை அசையவில்லை. பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "விபீஷணா! விட்டுவிடு. அது இனிமேல் வராது."

சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். ஸ்ரீரங்கத்துப் புல்லின்மேல் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். பிறகு, "இங்கேயே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடு" என்றார்.